பதினொரு வருசம் ஆறாத கோழி

நல்ல பொரிச்ச கோழி எதுன்னு எங்கிட்ட யாரும் கேக்கப்பிடாது. கேட்டா எனக்குக் கோவம் வரும். போனைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு வாற பிள்ளையள்கிட்டயும் நான் இதத்தான் சொல்லுதேன். இருவத்தாறு வருசமா ஸ்டெல்லா ஹோட்டல் அடுப்புக்கு முன்னால நிக்குதேன், பேரு கிறிஸ்துதாஸ், ஊருக்குத் தாசு மாஸ்டர், ஒரு நாளைக்கு அறுவது கோழி பொரிக்குத கை இது, தேங்காய் எண்ணெய் எந்தச் சூட்டுல இருக்கச்சில போடணும், எந்தச் சத்தம் கேட்டாத் திருப்பணும், எந்த நிறத்துல எடுக்கணும்னு கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லுவேன், ஆனா எது நல்லதுன்னு மட்டும் சொல்லமாட்டேன். ஹோட்டல்ல பொரிச்சதா வீட்டுல பொரிச்சதான்னு ஒரு காலத்துல நானும் வாய் கிழியப் பேசினவன்தான். பேசினதுக்கு என் தங்கச்சி வீட்டு அடுக்களையில ஒரு தட்டு கோழி பதினொரு வருசம் ஆறாம இருந்தது.

ஆறாமன்னா சும்மா பேச்சுக்குச் சொல்லுதது இல்ல. நீல ரோசாப்பூ போட்ட ஒரு எனாமல் தட்டு, அதுக்கு மேல கவுத்தி வெச்ச அலுமினிய மூடி, மூடியத் தூக்கினா அப்பந்தான் எண்ணெயில இருந்து எடுத்த மாதிரி ஆவி, ஆவிக்குள்ள ஏழு துண்டு கோழி, கோழிக்கு மேல பச்ச நிறம் மாறாத கறிவேப்பில. மழை பெய்தது, வெயில் அடிச்சது, எங்க பனவிளைத்துறைக் கோயில்ல பதினோரு தடவ கொடியேத்தி பதினோரு தடவ தேர் இழுத்தாச்சு, தட்டு ஆறல. கெட்டும் போகல. எறும்பு வரல. கதை விடுதேன்னு தோணிச்சுன்னா இப்பமே எழும்பிப் போயிருங்க, எனக்கு அடுப்புல வேல கிடக்கு.

என் தங்கச்சி பேரு ஜெசிந்தா. அவளக் கட்டினவன் வின்சிலாஸ், தங்கலுக்குப் போற போட்டுல டிரைவர், போனா பதினஞ்சு இருவது நாள் கடலுக்குள்ளயே கிடந்து மீன் பிடிச்சுட்டு வாறவன். கரைக்கு வந்தா குளிச்சுட்டு நேரா என் ஹோட்டலுக்கு வருவான், ஒரு கோழி வாங்கித் தின்னுவான், தின்னு முடிச்சு விரல நக்கிகிட்டே அடுப்புகிட்ட வந்து நின்னு என்னய வம்புக்கு இழுப்பான்.

"மச்சான், உம்ம ஹோட்டல்ல கோழி பொரிக்குதாவ. உம்ம தங்கச்சி எனக்குக் கோழி பொரிக்குதா. ரெண்டும் ஒண்ணா ஓய்?"

"போலேய்! வீட்டுக் கோழிக்கு ஒரு நாள் உப்பு கூடும், ஒரு நாள் குறையும். மொறுமொறுப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் நமுத்துப் போவும். இங்க வந்து கேளு, கல்யாணத்துக்கு வந்தவனுக்கும் ஒரே ருசி, கருமாதிக்கு வந்தவனுக்கும் ஒரே ருசி."

"அதத்தான் நானும் சொல்லுதேன்"னு சிரிச்சுட்டுப் போயிருவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அவங்க வீட்டு வழக்கம் என்னன்னா, ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்து ஜெசிந்தா கோழி பொரிக்கச்சில வின்சிலாஸ் அடுப்புக்குப் பக்கத்துலயே நிப்பான், முதல் துண்டு எண்ணெய விட்டு மேல வந்ததும் அவ கண்ணகப்பையில இருந்து நேரா அவன் உள்ளங்கையில போடுவா, அவன் அத இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாத்தி மாத்தித் துள்ள விட்டு, பொறுக்கமாட்டாம வாயில போட்டு, நாக்கு பொள்ளி, வாயத் திறந்து ஹா ஹான்னு ஊதி, பெறகு உப்பு சொல்லுவான். கூடுதலுன்னா கூடுதல், குறச்சலுன்னா குறச்சல், முகத்துக்கு நேரா சொல்லுவான். அடுத்த சட்டிக்கு அவ அதுக்குத் தக்க மாத்துவா. என் தங்கச்சி தன் நாக்குல உப்பு பாத்ததே கிடையாது. அது அவன் வேல.

இதத்தான் நான் போயிக் கெடுத்தேன். ஒரு சனிக்கிழம சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன், கோழி துண்டு போட்டு வெச்சிருந்தா, நான் பெரிய மாஸ்டர்லா, சும்மா இருப்பனா? "உன் கோழி ஏன் நமுத்துப் போவுது தெரியுமா பிள்ளே? சட்டியில இருந்து எடுத்த உடனே கையில குடுக்குத. அப்பிடிக் குடுக்கப்பிடாது. கம்பி வலையில பரத்திப் போடு, அஞ்சு நிமிசம் ஆவி போவட்டும், அதுக்கு அப்புறம் தட்டுல வையி. அஞ்சே நிமிசம். நாளைக்கு அப்பிடிச் செய்து குடு, ஹோட்டல்காரன் தோத்தான்னு அவன் வாயாலயே சொல்லுவான்"னேன். அவளுக்கும் ஆச. புருசன் ஜெயிக்கணும்னு ஆச, அண்ணன் சொன்னதக் கேட்டோம்னும் ஆச. நல்ல மனசுள்ள ஆளுக்கு ஒருத்தன் தப்பாச் சொல்லிக் குடுத்தா அவங்க அதயும் ஒழுங்காத்தானே செய்வாங்க.

மறுநாள் ஞாயித்துக்கிழம, பூச முடிஞ்சு பதினோரு மணி. எங்க ஊருல ஞாயித்துக்கிழம யாரும் கடலுக்குப் போகமாட்டாவ. ஆனா அன்னைக்குப் போட்டுல ஐஸ் ஏத்திக் கிடக்கு, உருகுது, உடனே வான்னு போன் வந்தது. ஜெசிந்தா கோழிய எடுத்துக் கம்பி வலையில பரத்திட்டு நிக்கா. வின்சிலாஸ் கைய நீட்டுதான். அவ கண்ணகப்பைக் காம்பால அந்தக் கையில ஒரு தட்டு தட்டி, "பொறுங்க, ஆறட்டும், அஞ்சு நிமிசம்"னா. ரெண்டு பேரும் சிரிச்சாவளாம். ஒரு நிமிசம் நின்னான். ரெண்டு நிமிசம் நின்னான். மூணாவது போன் வந்ததும் பையத் தூக்கித் தோள்ல போட்டான், மூணு வயசு மக பெனிட்டாவுக்கு ஒரு முத்தம் குடுத்தான். "தட்டுல போட்டு மூடி வையி பிள்ளே, வந்து தின்னுதேன்"னு சொல்லிட்டு ஓடினான்.

செவ்வாய்க்கிழம கடல் கலங்கிச்சு. அப்பிடி ஒரு காத்த நான் பாத்ததில்ல. மத்த போட்டெல்லாம் எந்தெந்தத் துறையிலயோ ஒதுங்கிக் கரை சேந்தாச்சு. வின்சிலாஸ் ஓட்டிப் போன போட்டும் அவனோட சேத்து அதுல போன அஞ்சு பேரும் மட்டும் வரல. ஒரு பலகை வரல, ஒரு செருப்பு வரல. வியாழக்கிழம மத்தியானம் நாங்க நாலு பேரு ஜெசிந்தா வீட்டுக்குச் சொல்லப் போனோம். அவ எங்க முகத்தப் பாத்தா, அடுக்களைக்குள்ள போனா, கெட்டுப் போயிருக்கும் கொட்டிருவோம்னு மூடியத் தூக்கினா. அவ முகத்துல ஆவி அடிச்சது.

ஊருக்கு ஒரு அதிசயம் பழகிப் போக எத்தன நாள் ஆவும்னு நினைக்கிய? எங்க ஊருக்கு ஒம்பது நாள் ஆச்சு.

முதல்ல வந்தது ரோஸ்மேரி. அஞ்சு பேருல வயசுல இளையவன் மிக்கேல், அவனப் பெத்தவ. கோயில்ல முழங்கால் போட்டுட்டு நேரா வந்தா, இடுப்புல பிள்ளையோட நிக்குத ஜெசிந்தாவ ஒரு பார்வ பாத்தா, மூடி மேல உள்ளங்கைய வெச்சா, எடுக்காம வெச்சுகிட்டே இருந்தா, "சூடு இருக்கு மக்களே. இவன் இருக்கான். இவன் இருந்தா கூடப் போனவனும் இருப்பான்"னு சொல்லிட்டுப் போனா. அவ்வளவுதான். மறுநாள் காலையில மத்த நாலு வீட்டு ஆளும் வந்தாவ. அதுக்கு மறுநாளும் வந்தாவ. ஒம்பதாம் நாள் பங்குச் சாமியார் இறந்தவங்களுக்குப் பூச வைக்க நாள் கேக்க வந்தாரு, மூடியத் தொட்டுப் பாத்து விரல உதறிட்டு, சிலுவ போட்டுட்டுத் திரும்பிப் போனாரு. அந்த வருசம் கல்லறைத் திருநாளுக்குச் செத்தவங்க பேரு வாசிக்கச்சில அஞ்சு பேரும் அதுல இல்ல. எல்லாம் வாசிச்சு முடிச்சு, கொஞ்ச நேரம் நிறுத்தி, பயணத்துல இருக்குதவங்கன்னு தனியா வாசிச்சாரு. அதுக்கு அப்புறம் வந்த சாமியாரும் அப்பிடியே வாசிச்சாரு. அவருக்கு அப்புறம் வந்தவரும் ஏன்னு கேக்கல.

ஒரு அதிகாரி ஒரு படிவத்தத் தூக்கிகிட்டு வந்தாரு. அதுல ரெண்டு கட்டம், இறந்தார், காணாமல் போனார். எதுல குறி போடன்னு கேட்டாரு. ஜெசிந்தா மூடியத் திறந்து காட்டினா. அவரு மூக்குக் கண்ணாடியில ஆவி படிஞ்சுது, தொடச்சாரு, மறுபடியும் படிஞ்சுது, மறுபடியும் தொடச்சாரு. பெறகு பேனாவ எடுத்து மூணாவதா ஒரு கட்டம் தானே வரைஞ்சு, சூடாக இருக்கிறதுன்னு எழுதி, ஜெசிந்தாகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போனாரு.

இப்படியே பழகிப் போச்சு. பச்சப் பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டினா துணிய அந்த மூடி மேல போட்டு வாட்டிக் கொண்டு போவாவ. மழைக்காலத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் நனஞ்ச நோட்ட அதுகிட்டக் காய வைக்கும். வலைக்குப் போறவன் ஒரு நிமிசம் நின்னு கைய வெச்சுட்டுப் போவான். வீட்டுல யாரும் சத்தம் போட்டுப் பேசமாட்டாவ. காத்து தென்கிழக்கா அடிக்குத நாள்ல அந்த வாசன ஹோட்டல் இருக்குத முக்கு வரைக்கும் வரும், அப்பப் பாருங்க, என் ஹோட்டல்ல தின்னுகிட்டு இருக்குதவன் கைய அப்பிடியே நிறுத்திருவான், கோழியப் பாதியில விட்டுட்டு எழும்பிப் போவான். முதலாளிக்கு முதல்ல கோவந்தான். பெறகு அவரும் மனுசன்தானே, தென்கிழக்குக் காற்றுள்ள நாட்களில் பொரித்த கோழி கிடையாதுன்னு ஒரு போர்டு எழுதி மாட்டினாரு. வெளியூர்க்காரன் வாசிச்சுட்டுச் சிரிப்பான். உள்ளூர்க்காரன் மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போவான்.

ஒரு தடவ எந்த ஊருக் கோழி நல்லதுன்னு தேடித் தேடித் தின்னு படம் எடுக்குத ரெண்டு பேரு வந்தாவ. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு, வாசனையே இப்பிடின்னா ருசி எப்பிடி இருக்கும்னு கெஞ்சினாவ. ஊரு அவங்களுக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நாரங்கா வெள்ளம் குடுத்து, பஸ் வாற வரைக்கும் கூட நின்னு, ஏத்தி விட்டுது. உலகத்துலயே நல்ல பொரிச்ச கோழி எங்க ஊருல இருக்கு, ஒருத்தனும் தின்னதில்லன்னு எங்க ஆளுவ அப்பிடிப் பெருமையாச் சொல்லுவாவ.

பெருமதான். ஆனா அந்தப் பெருமைக்கு உள்ள என்ன இருந்துன்னு தினமும் பாத்தவன் நான். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிஞ்சு நாலு மணிக்கு அவ வீட்டுக்குப் போவேன். ஜெசிந்தா பதினொரு வருசமா ஒரு நாள் வெளியூருல தங்கினதில்ல. எங்க சித்தி செத்ததுக்கு வரல, தட்ட விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா. அடுப்புல மீன் வைப்பா, பயறு வைப்பா, கோழி வாங்கவே மாட்டா. பெனிட்டா பள்ளிக்கூடம் போகச்சில மூடி மேல கைய வெச்சு, "அப்பா, போயிட்டு வாரேன்"னு சொல்லிட்டுப் போவா. பதினாலு வயசாச்சு அவளுக்கு. அப்பான்னா அவளுக்குக் கைச்சூடுதான். நான் அதப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்குவேன், ஏன்னா அந்த அஞ்சு நிமிசம் யாரு சொல்லிக் குடுத்ததுன்னு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், என் தங்கச்சிக்குத் தெரியும். அவ ஒரு நாளும் வாயத் திறந்து கேட்டதில்ல. கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் சமாதானமா இருந்திருக்கும்.

இன்னொருத்தியும் இருந்தா. ஷைனி. மிக்கேலுக்குப் பேசி நிச்சயம் பண்ணின பிள்ள. அன்னைக்கு அவளுக்கு இருவது வயசு. கோயில் தையல் கூடத்துல மத்த பிள்ளையளுக்குக் கல்யாண உடுப்பு தச்சுத் தச்சே அவளுக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. அவ கூடத் தச்ச ஒரு பிள்ளைக்கு அண்ணன், பக்கத்துத் துறைக்காரன், நல்ல பையன், அவளக் கேட்டு வந்தான். அவ அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "சூடு இருக்குதே தம்பி. இருக்குதவனுக்குக் குடுத்த வாக்க நான் எப்பிடி மாத்த?"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு.

அதுக்கு மறுநாள் நாலு மணிக்கு ஷைனி வந்தா. நானும் அங்கதான் இருந்தேன். அவ எப்பவும் போல மூடியத் தொடல. அடுக்களை நிலையப் பிடிச்சுகிட்டு நின்னா.

"எக்கா, ஒண்ணு கேட்டா கோவிக்கப்பிடாது."

"கேளு மக்களே."

"இது ஒரு நாளும் ஆறாதாக்கா?"

ஷைனி தலைய முன்னால குனிஞ்சு வகிட்டக் காட்டினா. "பாருங்க, நரச்சாச்சு"ன்னா. அழல. சண்ட போடல. வந்த வழியில போயிட்டா. நான் தட்டையும் பாக்கமுடியாம தங்கச்சியையும் பாக்கமுடியாம சுவத்தப் பாத்துகிட்டு இருந்தேன்.

பெறகு ஜெசிந்தா சொன்னா, "அண்ணே, அவரு இல்ல."

"எப்பிடிச் சொல்லுத பிள்ளே? சூடு இருக்குல்லா?"

"அந்தச் சூடு அவருக்கு உள்ளது இல்ல அண்ணே. ஆறட்டும்னு நான்தானே சொன்னேன். அவரு தின்னாம அது ஆறமாட்டேங்குது, வேற ஒண்ணும் இல்ல. அவரு செத்தது எனக்கு அந்த வியாழக்கிழமைக்கு முன்னாலயே தெரியும். கடல்ல கிடக்கச்சில அவரு மேக்க இருக்காரா தெக்க இருக்காரான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இடம் தெரிஞ்சுகிட்டே இருக்கும். செவ்வாய்க்கிழம மத்தியானம் அந்த இடம் இல்லாமப் போச்சு."

"பதினொரு வருசமா ஏன் பிள்ளே சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? ரோஸ்மேரி மாமி காலையில வந்து கைய வெச்சுட்டுப் போகச்சில அந்த முகத்தப் பாத்திருக்கியளா? அந்த முகத்த வெச்சுகிட்டு அவ மீன் விக்கப் போறா, சாப்பிடுதா, உறங்குதா. அத நான் பிடுங்கவா? எனக்கு என்ன, ஒரு தட்டுக்குக் காவல் இருக்குதது பெரிய கஷ்டமான்னு நினச்சேன். அந்தப் பிள்ளைக்கு நரைக்கும்னு நினைக்கல அண்ணே."

நான் பதினொரு வருசமா இவ ஏமாந்துகிட்டு இருக்கான்னு அழுதவன். இவ ஊருக்காக ஏமாந்த மாதிரி இருந்திருக்கா.

அந்த ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் மத்த நாலு வீட்டு ஆளும் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாவ. அவளே போயிக் கூப்பிட்டிருந்தா. சாமியாரும் வந்தாரு. ஷைனி வாசல் பக்கமா நின்னா. பதினோரு மணி, அன்னைக்கு அவன் பையத் தூக்கின அதே நேரம். ஜெசிந்தா தட்ட ரெண்டு கையாலயும் துணி வெச்சுப் பிடிச்சுக் கொண்டு வந்து நடுவுல வெச்சா.

"எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு"ன்னா. "கூடப் போன நாலு பேரும் செத்தாச்சு. எனக்கு முன்னாலயே தெரியும். உங்க முகத்தப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. என்னய மன்னிச்சுக்குங்க."

ரோஸ்மேரி எழும்பினா. நான் பயந்தேன், எங்க இவ அடிக்கப் போறாளோன்னு. அவ ஜெசிந்தாகிட்ட வந்து முந்தானையால அவ முகத்தத் தொடச்சு விட்டா.

"எனக்கும் தெரியும் மக்களே"ன்னா. "பெத்தவளுக்குத் தெரியாதா? அன்னைக்கு நீ இடுப்புல பிள்ளைய வெச்சுகிட்டு நின்ன நிலையப் பாத்தேன். இவளுக்குப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும், இல்லாட்டா இவ அந்தப் பிள்ளையோட கடல்ல போயி இறங்கிருவான்னு நினச்சு, சூடு இருக்கு, இருக்கான்னு சொன்னேன். நான் வராட்டா நீ தாங்கமாட்டன்னுதான் தினமும் வந்தேன்."

அதுக்கு அப்புறம் ஒருத்தர் ஒருத்தரா வாயத் திறந்தாவ. மூணாவது வீட்டுக்காரிக்கும் தெரியும், ரோஸ்மேரி மனசு உடஞ்சிரும்னு வந்தாளாம். நாலாவது வீட்டுக்காரனுக்கும் தெரியும், அஞ்சாவது வீட்டுக்காக வந்தானாம். சாமியார் தரையப் பாத்துகிட்டு இருந்தாரு. அஞ்சு வீடும் பதினொரு வருசம் ஒண்ணு இன்னொண்ணுக்காகக் கைய வெச்சிருக்கு. எல்லாரும் நல்லவங்க. அதத்தான் என்னால பொறுக்க முடியல.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு"ன்னு வாசல்ல இருந்து ஷைனி சொன்னா. "பெறகு நான் ஏன் இருந்தேன்?"

ரோஸ்மேரி, எழுபது வயசுக்காரி, அவ காலப் பிடிக்கக் குனிஞ்சா. ஷைனி விடல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தாங்கிப் பிடிச்சுகிட்டு அப்பிடியே உக்காந்துட்டாவ.

அப்ப நானும் சொன்னேன். சனிக்கிழம சாயங்காலம் வந்ததையும், பெரிய மாஸ்டர் மாதிரி அஞ்சு நிமிசம் சொல்லிக் குடுத்ததையும், வின்சிலாச ஜெயிக்குதேன்னு நினச்சு அவன் கைக்கும் வாய்க்கும் நடுவுல போயி நின்னதையும் சொன்னேன். ஜெசிந்தா என்னயப் பாத்தா.

"அஞ்சு நிமிசத்துல கடலு மாறாது அண்ணே. நீங்க சொல்லாட்டாலும் அவரு போயிருப்பாரு. ஒரு துண்டு தின்னுட்டுப் போயிருப்பாரு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவ்வளவுதான்னு அவ சொன்னா. என்னய மன்னிச்சுத்தான் சொன்னா. ஆனா அவ்வளவும் அதுதானேன்னு எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

அவ மூடியத் திறந்தா. வீட்டுக்கு ஒரு துண்டு, ஷைனிக்கு ஒரு துண்டு. மீந்த ஒண்ண ரெண்டாப் பிச்சு, பாதிய என் கையில வெச்சா, பாதிய அவ வெச்சுகிட்டா. அவ வீட்டுத் துண்டு பெனிட்டாவுக்கு. அந்தப் பிள்ள சூடு தாங்காம இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் துள்ள விட்டு, வாயில போட்டு, நாக்கு பொள்ளி, வாயத் திறந்து ஹா ஹான்னு ஊதினா. யாரும் சொல்லிக் குடுக்கல. நாங்க எல்லாரும் அதப் பாத்துகிட்டே நின்னோம்.

பெறகு தின்னோம். மொறுமொறுப்பு இருந்தது, நான் சொன்ன மாதிரியே இருந்தது. மசாலா எலும்பு வரைக்கும் இறங்கி இருந்தது. ரோஸ்மேரி மென்னா, அஞ்சு வீடும் மென்னுது. "எப்பிடி இருக்கு?"ன்னு ஜெசிந்தா கேட்டா. "நல்லா இருக்கு மக்களே"ன்னு ரோஸ்மேரி சொன்னா. "நல்லா இருக்கு"ன்னு நாலாவது வீட்டுக்காரன் சொன்னான். நானும் சொன்னேன்.

கடைசியாத்தான் அவ தன் வாயில வெச்சா. மெதுவா மென்னா. நிறுத்தினா.

"உப்பு கூடிப் போச்சே"ன்னா.

நாங்க மெல்லுதத நிறுத்தினோம்.

"இவ்வளவு உப்பு! ஏன் ஒருத்தரும் சொல்லல?"ன்னு எங்க முகத்த எல்லாம் பாத்தா. நாங்க என்னத்தச் சொல்ல? பதினொரு வருசமா சொல்லாம இருந்து பழகின ஆளுவ. "அவரு இருந்தா சொல்லியிருப்பாரு. முகத்துக்கு நேரா சொல்லியிருப்பாரு"ன்னு சொன்னவ, அப்பிடியே தரையில உக்காந்து அழுதா. வியாழக்கிழம அழாதவ, ஒம்பதாம் நாள் அழாதவ, பதினோரு கல்லறைத் திருநாளுக்கும் அழாதவ, உப்புக்கு அழுதா. பெனிட்டா அவ மடியில விழுந்தா. அவ அழுது முடிக்குத வரைக்கும் யாரும் ஆறுதல் சொல்லல, சொல்லவும் கூடாதுன்னு எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவ எழும்பி, கழுவலாம்னு தட்ட எடுத்தா. தட்டு ஆறி இருந்தது.

கோயில்ல அஞ்சு தடவ மணி அடிச்சாவ. அந்தக் கல்லறைத் திருநாளுக்கு அஞ்சு பேரும் செத்தவங்க பேரோட வந்துட்டாவ. தை மாசம் ஷைனிக்குக் கல்யாணம், பக்கத்துத் துறைக்காரன் அதுவரைக்கும் காத்திருந்தான், ரோஸ்மேரிதான் தாய் இடத்துல நின்னா. கல்யாணத்துக்குக் கோழி நான் பொரிச்சேன்.

இப்ப ஞாயித்துக்கிழமதோறும் என் தங்கச்சி கோழி பொரிக்குதா. பெனிட்டா அடுப்புக்குப் பக்கத்துல நிப்பா. முதல் துண்டு அவ கைக்கு. உப்பு கூடுதலுன்னா கூடுதல், குறச்சலுன்னா குறச்சல், அப்பன மாதிரியே முகத்துக்கு நேரா சொல்லுதா. ஹோட்டல்ல நானும் கம்பி வலையக் கழட்டித் தூரப் போட்டுட்டேன். மொறுமொறுப்பு குறஞ்சு போச்சுன்னு முதலாளி சத்தம் போடுதாரு, போட்டுட்டுப் போகட்டும். எந்த ஊருக்காரன் வந்து அடுப்புகிட்ட நின்னாலும் சட்டியில இருந்து நேரா அவன் கையில போடுதேன். ஐயோ மாஸ்டர், சூடு, நாக்கு பொள்ளிரும்னு பின்வாங்குவாவ.

பொள்ளட்டும்.